வெறும் சுவருக்கு வந்த கூட்டம்

இளமதியின் பட்டமளிப்புப் படம் கூடத்துச் சுவரில் நாலைந்து வருஷம் தொங்கியது. கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். வந்தவர் போனவர் யாரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. அப்பா ராஜாராம் என்றைக்கு அதைக் கழற்றி பீரோவுக்குள் தள்ளினாரோ, அன்றைக்குப் பிடித்தது வினை.

சுவர் அழுக்கு மஞ்சள். படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று புது மஞ்சள், உச்சியில் ஓர் ஆணி. பால்காரர் பார்த்தார். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் மீட்டரை விட்டுவிட்டு அதைப் பார்த்தார். தென்னேரியிலிருந்து வந்த அக்கா ஆதிலட்சுமி காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள். கண் மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை.

"இன்னாடா, அந்த எடம் மட்டும் பளபளன்னு கீது?"

"அங்க ஒண்ணும் இல்லக்கா."

"இல்லன்றதுதான் நல்லா தெரியுதே."

மகள் பதிவு அலுவலகத்தில் சாம்சனுக்கு மாலை போட்டது காவாந்தண்டலம் முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு அந்தச் சுவர் சொல்லிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு அடித்தால் தீர்ந்தது. ஆனால் ஆளைக் கூப்பிட ஏனோ அவருக்கு வாய் வரவில்லை. வேறு படம் வாங்கி மறைத்துவிடலாம் என்று உத்திரமேரூர் பஜாருக்குப் போனார்.

"சாமி படம் தரட்டுமாண்ணா?" என்றான் பிரேம் கடை ஜெகன்.

"வேணாம். காலைல முன்னால போய் நிக்கணும். அது இன்னா கேக்கும்னு எனக்குத் தெரியும்."

அருவிப் படம் அகலம், குதிரைப் படம் நீளம். அளவுக்குச் சரியாக வந்தது கைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்த மோனாலிசா ஒன்றுதான்.

ராஜாராம் நெல் வியாபாரி. ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்து, விளைவித்தவனே பதர் என்று நம்பும்படி முகம் சுளிக்கத் தெரிந்தவர். அதே முகத்தை இங்கேயும் சுளித்தார்.

"புருவமே இல்ல. கழுத்துல ஒரு மணி இல்ல. இதுக்கா இவ்ளோ வெல?"

"உலகத்துலயே பேர்போன படம்ணா. பாரிஸ்ல தெனமும் கூட்டம் அம்முது."

"சிரிக்கிறாளா, அழுவுறாளா?"

"அத கண்டுபுடிக்கத்தான் கூட்டமே."

"அப்ப சரக்குல கோளாறு. கொறச்சுப் போடு."

சட்டைப் பையில் போன் அடித்தது. இந்திராணி. பேரத்துக்கு நடுவில் பெண்டாட்டி போனை எடுக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அமுக்கினார். திரும்ப அடித்தது. திரும்ப அமுக்கினார்.

"கேளுண்ணா," என்றான் ஜெகன். "மொதல்ல இதுக்கு இவ்ளோ மவுசு இல்லியாம். நூறு வருசத்துக்கு மின்ன ஒர்த்தன் சட்டைக்குள்ள வெச்சு தூக்கிக்கினு பூட்டான். ரெண்டு வருசம் ஆப்டல. அப்பதான் ஜனம் வரிசை கட்டி வந்துச்சாம். இன்னாத்த பாக்க? படம் இருந்த வெறுஞ் செவுத்த! பூ வெச்சுட்டுப் போனவங்ககூட கீறாங்களாம்."

"வெறுஞ் செவுத்தயா?"

"பக்கத்துல எத்தினி படம் தொங்கிக்கினு இருந்துச்சு. எவனும் திரும்பல."

ராஜாராம் அவன் சொன்ன விலையையே கொடுத்தார். ஜெகன் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

ஏரிக்கரையில் வண்டி தானாகவே மெதுவாகப் போயிற்று. ஒரு மாதமாக அவர் சாப்பிட உட்கார்வது அந்தச் சுவருக்கு எதிரில்தான். அங்கேதான் காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். படம் மாட்டிய அன்று இளமதி, "நைனா, நல்லா கீதா?" என்று கேட்டாள். அவர் போனில் நெல் விலை பேசிக்கொண்டே, "ம்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

போனதும் பீரோவைத் திறக்க வேண்டும். பழைய ஆணியில் பழைய படம். மோனாலிசா சமையல்கட்டில் கிடக்கட்டும். இந்திராணிக்குச் சண்டை போட ஓர் ஆள்.

வீட்டில் இந்திராணி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு காப்பி டம்ளர்.

"யாரு வந்தது?"

"இளமதி. அவ வூட்டுக்காரருக்குப் பூனாவுல வேலயாம். சாயந்தரம் ரயிலு."

அவர் நின்றபடியே இருந்தார்.

"ரெண்டு தபா போன் அடிச்சேன். கட் பண்ணீங்க. பாத்துக்கினேதான் இருந்தா. 'நான் வந்துகீறது தெரிஞ்சுதான் எடுக்கல, வுடும்மா'ன்னா."

"நீ சொல்றதுதானே, பஜார்ல பேஜாரு, அதான்..."

"சொன்னேன். செவுத்தையே பாத்துக்கினு நின்னா. அப்பறம், 'படம் இங்க பீரோலதானே கெடக்குது, நானே எடுத்துக்கினு போறேன்'னா. இன்னான்னு சொல்லி மறிப்பேன்? குடுத்துட்டேன்."

ராஜாராம் போனை எடுத்து மகள் எண்ணை அழுத்தினார். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அழுத்தினார். இரண்டு தடவை அடித்ததும் அமுக்கப்பட்டுவிட்டது.

மோனாலிசா பொட்டலத்தைப் பிரிக்காமல் சுவரோரம் சாய்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் புது மஞ்சளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நாஷ்டா துன்னாம போனீங்களே. எழுந்து வாங்க. அதுல இன்னா கீதுன்னு பாக்குறீங்க?"

கொஞ்ச நேரம் கழித்து இந்திராணியும் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.