வாசனை ஊற்றுகிறவள்

உள்ளே விடுமுன் கையை நீட்டிக் காட்ட வேண்டும். முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை. நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிட்டு வரலாம். புண் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு வீடு என்றால் அத்தோடு வீடுதான். ஊருக்கெல்லாம் க்ரீமும் லோஷனும் செய்து அனுப்பும் அந்த ஒரகடம் கம்பெனியில் சுத்தத்துக்கு ஒரு குறைச்சலும் கிடையாது.

செந்தாமரை வரிசையில் நாலாவதாக நின்றாள். ஆறு வருஷமாக மிக்ஸிங்கில் இருக்கிறாள். க்ரீம் கலந்து சூடு ஆறியதும் கடைசியாக வாசனை எண்ணெயை ஊற்றுவது அவள் வேலை. கையுறை போட்டாலும் எப்படியோ உள்ளே இறங்கிவிடும். இந்த ஆறு மாதமாக விரல் இடுக்கெல்லாம் சிவந்து, நீர் கோத்து, வெடித்து உரிகிறது. அதை மறைக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மூடி சரியில்லை என்று கழித்துப்போட்ட பாட்டில்கள் கை கழுவும் இடத்தில் கிடக்கும். அதில் 'மணமில்லாதது' என்று லேபிள் ஒட்டியதைப் பார்த்தெடுத்துப் பூசிக்கொண்டால் வெடிப்பு வெளியே தெரியாது. கெட்டிக்காரிதான் நீ என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

அந்த மெச்சலில் நேற்று தண்டலத்துத் தோல் டாக்டர் மண்ணைப் போட்டார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க இரண்டு நாள் முன்பு முதுகில் அவர் ஒட்டியிருந்த மருந்துப் பட்டைகளில் வாசனைப் பொருள் வைத்த இடங்கள் மட்டும் தடித்திருந்தன.

"வாசனை கலந்த எதுவும் இனிமே கையில படக்கூடாதும்மா."

"மணமில்லாததுன்னு எழுதிக்கீதே மேடம், அத போடலாமா?"

"அதுலயும் சிலதுல, மூலப்பொருளோட வாடை தெரியாம இருக்க லேசா வாசனை சேர்ப்பாங்களே."

சேர்ப்பதே செந்தாமரைதானே. மெழுகு வாடையை அமுக்க அந்த லோஷனிலும் அரைக் குவளை ஊற்றுவாள். மணம் தெரியாததால் அதை வாசனைக் கணக்கில் அவள் சேர்த்ததே இல்லை. ஊற்றியதையே புண்ணுக்கும் பூசி வந்திருக்கிறாள். அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மரத்துப்போய் பஸ் ஏறினாள்.

"இன்னாக்கா, இன்னிக்கு லோஷன் போடல?"

வரிசையில் பின்னால் நின்ற லிசா கேட்டாள். லேபிள் ஒட்டுகிற பெண். அவள் விரல் இடுக்கிலும் இப்போது பொடிப்பொடியாகக் கொப்புளம். பூசி மறைக்கச் சொல்லிக் கொடுத்தது செந்தாமரைதான்.

"போடாதடி. அதுலயும் வாசனை கீது. நான்தான் ஊத்துறேன்."

லிசா தன் உள்ளங்கையில் பிதுக்கியிருந்த லோஷனைப் பார்த்தாள்.

"கை காட்டணுமேக்கா," என்று சொல்லித் தேய்த்துக்கொண்டாள்.

செந்தாமரை வறண்ட கையை நீட்டினாள். சூப்பர்வைசர் எழிலரசன் குரலை உயர்த்தவில்லை.

"இன்னாம்மா இது? இத வச்சிக்கினு எப்டி உள்ள வுடுறது?"

"வாசனை ஒத்துக்கலன்னு டாக்டர் எழுதிக் குடுத்துக்கிறாங்க சார். பேக்கிங்ல போடுங்க."

"பேக்கிங்ல ஆள் கீது. கான்ட்ராக்டர்கிட்ட பேசிக்கோ."

அவள் ஒதுங்கி நின்றாள். இதற்குப் பயந்துதான் இத்தனை மாதம் மறைத்தாள். வந்தேவிட்டபோது பயம்கூட இல்லை, எதுவுமே இல்லை.

எழிலரசன் லிசாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சுத்தம். இன்னிலருந்து நீ மிக்ஸிங். வாசனை ஊத்தத் தெரியுமில்ல?"

லிசா செந்தாமரையின் பக்கம் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். லோஷன் ஈரம் காயாத விரல்களில் கையுறை வழுக்கிக்கொண்டு ஏறியது.