கின் லே எடுத்த வெள்ளிக் கிண்ணம்

பிட்சுக்கள் வரும் சேகண்டிச் சத்தம் கேட்டு, காய்ச்சலோடு கண் விழித்தேன். புத்தர் மாடத்தில் என் மாமியார் காலத்து வெள்ளிக் கிண்ணத்தைக் காணோம். இளவரசன் யானையைத் தானம் கொடுக்கும் காட்சி பொறித்த கிண்ணம். எங்கள் வீட்டுப் பிட்சைச் சோறு அதிலிருந்துதான் போகும்.

சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு கின் லே வெறுங்காலோடு நின்று, என் கிண்ணத்திலிருந்து ஆவி பறக்கும் சோற்றைப் பிட்சுக்களுக்கு இட்டுக்கொண்டிருந்தாள். அவள் நாய் என் செருப்பைக் குதறியதிலிருந்து இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. திருடி என்று கத்த வாயெடுத்தேன்.

"என்னக்கா மொறைக்கிறீங்க? சோறு என்னுது, கிண்ணம் உங்களுது. நீங்க காய்ச்சல்ல கெடந்தீங்க, உங்க பேரச் சொல்லித்தான் போட்டேன். மூணு தடவ 'சாது' சொன்னாத்தான் புண்ணியம் உங்களச் சேரும். அதையும் நானே சொல்லணுமா?"

'சாது', நன்று என்று மூன்று முறை சொன்னேன். இரண்டு வருடம் கழித்து அவள் காதில் விழ நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

புண்ணியத்துக்கு மூன்று போதும். நான்காவதாகவும் ஒன்று சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்து.