நாற்றம் நின்ற கிழமை

1

இந்தக் கதை ஒரு பாராட்டுக் கடிதத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். தேவராஜா என்பவர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டாமல், அலுமாரியின் அடித்தட்டில் பழைய சேட்டுகளுக்குக் கீழே வைத்திருந்தார். "வைத்தியசாலைக் கழிவுநீர்த் தொட்டியின் துர்நாற்றத்தை நீக்கியமைக்காக" என்று தட்டச்சில் இருந்தது. ஆண்டு 1991. ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தொட்டியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார். கடைசியில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம்: "சோளகக் காற்று வீசியபோது அச்சுவேலி முழுவதும் —"

(வெட்டிவிட்டேன். அச்சுவேலி முழுவதும் நாறவில்லை. ஒரு வீடுதான் நாறியது.)

இரண்டாம் தொடக்கம்: "சீமெந்துத் தொழிற்சாலையோடு தேவராஜாவின் வாழ்வும் —"

(இதுவும் வேண்டாம். போனது வேலை, வாழ்வு என்று எழுதினால் அவரே சிரிப்பார்.)

நேராகவே சொல்கிறேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த தேவராஜா, போரில் வேலையும் வீடும் போனபின், அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் வைத்தியசாலையில் திருத்த வேலைக்குச் சேர்ந்தார். கக்கூசுத் தண்ணீரும் நோயாளர் வாட்டைக் கழுவிய தண்ணீரும் போய்ச் சேரும் தொட்டி அவர் பொறுப்பு. முன்பு ஒரு மோட்டர் அதற்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றது, மோட்டரும் நின்றது. தொட்டி கூழ்முட்டையாக நாறத் தொடங்கியது. நிரம்பி வழிகிற தண்ணீர் திறந்த வாய்க்காலால் வாழைகளுக்குப் போகும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் அந்த வெடிலை அள்ளிக்கொண்டுபோய், வேலிக்கு அப்பால் இருந்த சிவக்கொழுந்தின் குசினியில் இறக்கும். சிவக்கொழுந்து வெங்காயம் செய்கிற கமக்காரப் பெண். அவர் வேலியடியில் நின்று ஏசினால் வாட்டில் நித்திரையில் கிடப்பவர்களும் எழும்பிவிடுவார்கள்.

3

தேவராஜா தொட்டியைப் பனையோலைப் பாய்களால் மூடினார். பாயின்மேல் ஒரு சாண் கனத்துக்குச் சிரட்டைக்கரி பரப்பினார். உள்ளே கிழமைக்கு இரண்டு கடகம் சுண்ணாம்பு. பிளீச்சிங் பவுடரைக் கண்ணால் காண முடியாத காலம், கரிக்குப் பஞ்சமில்லை.

நாற்றம் பாதியானது. மூன்றாம் கிழமை ஒரேயடியாக நின்றது. வாய்க்காலும் காய்ந்து போயிற்று. ஆடி வெயில் என்று நினைத்தார்.

(இந்த இடத்தில் நீங்கள் அவரை முந்திவிடக்கூடும். உங்களை யாரும் பாராட்டிக்கொண்டு நிற்கவில்லை. அதுதான் வித்தியாசம்.)

வைத்தியசாலைத் தாதியரின் தலைவியான மேற்றன் பியாட்றிஸ் பாராட்டுக் கடிதத்தைத் தானே தட்டச்சுச் செய்து கொடுத்தார். சிவக்கொழுந்து ஒரு பை கத்தரிக்காயோடு வேலியடிக்கு வந்தார்.

"இஞ்சினியர் தம்பி, இப்பதான் மனிசர் ருசிச்சுச் சாப்பிடுகினம்."

"நான் இஞ்சினியர் இல்லை, அக்கா."

"எங்களுக்கு நீர்தான் இஞ்சினியர். இன்னொரு புதினம் கேளுமன். ஆடியிலை எங்கடை கிணறு அடி தெரியிறது. இந்தமுறை வத்தேல்லை. உம்மடை கைராசியெண்டுதான் நான் சொல்லுறன்."

தேவராஜா சிரித்தார். பாதிச் சிரிப்பில் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார்.

4

பாயை விலக்கி மூங்கில் தடியை விட்டுப் பார்த்தார். மூன்று முழம் நனைய வேண்டிய தடியில் அரை முழம்தான் நனைந்தது. தொட்டியின் அடி வெடித்திருந்தது. நாற்றத்தை நிறுத்தியது அவருடைய கரி அல்ல. நாறுகிற தண்ணீர் அங்கே தங்கவே இல்லை.

குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக் கல். கல்லுக்குள்ளே பொந்துகள். மேலே ஊற்றியது எந்தக் கிணற்றில் எழும்பும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சிவக்கொழுந்தின் கிணறு ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. வெங்காயத்துக்காக அவர் நாள்தோறும் அதை இறைத்துக்கொண்டிருந்தார். இறைக்க இறைக்கக் கிணறு பக்கத்துத் தண்ணீரை இழுக்கும். வீட்டார் குடித்ததும் அதே தண்ணீர்தான்.

5

மேற்றனிடம் சொன்னார்.

"உறுதியாத் தெரியாமல் வாய் திறவாதையும்," என்றார் பியாட்றிஸ். "கக்கூசை மூடினா வாட்டையும் மூடவேணும். சிவக்கொழுந்தின்ரை மகள் இராசமலருக்கே அடுத்த கிழமை பிள்ளை. எங்கை கொண்டுபோறது?"

வேறு குழி வெட்டலாமே என்று கேட்பீர்கள். வெட்டினாலும் கீழே அதே கல்தான். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓம், சொல்லியிருக்கலாம். இந்த இடத்தில்தான் தேவராஜாவின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. மூன்று நாள் அவர் சொல்லவில்லை. வாட்டுக்காக என்று என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. வேலை போன நாளிலிருந்து அவரை யாரும் மதித்ததில்லை, இஞ்சினியர் என்று கூப்பிட்டது சிவக்கொழுந்து மட்டும்தான். அந்த மூன்று நாளை நினைக்க எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. நானாக இருந்தால் நான்கு நாள் எடுத்திருப்பேன் என்ற வெட்கமும் வருகிறது.

6

முடிவு அ: சொல்கிறார். சிவக்கொழுந்து கிணற்றை மூடுகிறார். எல்லோரும் சுகம்.

(எழுதிக் கிழித்தேன். வற்றாத கிணற்றை, அதுவும் ஆடியில், ஒரு சொல்லுக்காக மூடுகிற கமக்காரரை நான் கண்டதில்லை.)

முடிவு ஆ: வீட்டில் ஒருவருக்கு வயிற்றோட்டம் —

(இல்லை. கதை கனமாக வேண்டும் என்பதற்காக ஆளைச் சாகடிக்க எனக்கு மனமில்லை.)

நான்காம் நாள் காலை அவர் வேலி கடந்து போனது வரைக்கும் எனக்குத் தெரியும். சிவக்கொழுந்து கிணற்றடியில் நின்றார். துலாவால் அப்போதுதான் அள்ளிய தண்ணீரை இரண்டு தகரப் பேணிகளில் வார்த்தார். ஒன்றை நிறைமாத வயிற்றோடு நின்ற மகளிடம் கொடுத்தார். மற்றதைத் தேவராஜாவிடம் நீட்டினார்.

"குடியும் தம்பி. பச்சைத் தண்ணிதான், நல்ல குளிர்."

தேவராஜா பேணியை மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்த்தார். ஒரு மணமும் இல்லை. வாயைத் திறந்தார்.

குடிக்கவா, சொல்லவா என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் இட்டுக்கட்டவும் போவதில்லை. இராசமலர் அண்ணாந்து பேணியை வாய்க்கு மேலே தூக்கிவிட்டாள். அடுத்த வரி உங்களுடையது. கெதியாக எழுதுங்கள், அவளுக்குத் தாகம்.