புளி போட்டு மினுக்கிய சக்கரவர்த்தி

முழங்காலிட்டிருக்கும் ஒரு மாகாணத்தைச் சக்கரவர்த்தி கைபிடித்து எழுப்பிவிடுவதற்கு, 2004 இல் லண்டனில் விலை தொள்ளாயிரம் பவுண்ஸ்.

அந்தக் காட்சி பொறித்த ரோமானிய வெண்கலக் காசு, கிங்ஸ்பரியில் எங்கள் தெருவில் இருந்த எட்வேட் அண்ணையுடையது. ஒரு பக்கம் ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியனின் தலை. மறுபக்கம் அவர் கைநீட்ட, எழும்பப் பார்க்கும் பெண்ணாக ஆபிரிக்கா மாகாணம். ஜேர்மனியில் அகதியாக இருந்தபோது பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். இந்த மனுசன் ஹோம் ஒபிஸில் இருந்திருந்தால் தன் அகதிக் கேஸ் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்று காட்டிக் காட்டிச் சிரிப்பார்.

அவர் செத்தபின், கல்லறைக்குக் கல் வைக்க அதை விற்றுத் தரும்படி மனைவி பிலோமினம்மா என்னிடம் தந்தார். முதலாம் ஆண்டுப் பூசைக்கு முன் கல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். பேரம் பேச என்னை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை.

காசு வியாபாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தொள்ளாயிரம் என்றார். எடுத்த எடுப்பிலேயே தொள்ளாயிரம் சொல்கிறவன் மனதுக்குள் ஆயிரத்து நானூறு வைத்திருப்பான். அப்பாவின் புடைவைக் கடையில் நான் படித்தது அது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழும்பினேன். காசு வேறு பாசி பிடித்ததுபோல் பச்சையாகக் கிடந்தது. இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் யார் விலை ஏற்றுவான்? குத்துவிளக்கு மினுக்குவதுபோல் பழப்புளியும் உப்பும் போட்டு ஒரு மணித்தியாலம் தேய்த்தேன். சக்கரவர்த்தி புதுப் பித்தளையாய் மினுங்கினார்.

அடுத்த கிழமை வியாபாரி காசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பச்சை நூற்றாண்டுக் கணக்கில் படிந்ததென்றும், விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் என்றும், செத்தவீட்டுக்கு வந்தவர்போல் மெதுவாகச் சொன்னார். நாற்பது தந்தார். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிலோமினம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். நாற்பதையும் எண்ணி வாங்கினார்.

"அவர் அதை ஒருநாளும் கழுவேல்லை, தம்பி."

"மிச்சத்தை மாசம் அம்பதா நான் தாறன், அக்கா."

"ஓம், தாரும். ஆனா பூசைக்குக் கல் வராது."

வரவில்லை. பூசை முடிந்து மரக் குருசைச் சுற்றித்தான் நின்றோம். பிலோமினம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பித் திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

கடைசிப் பத்தைக் கொண்டுபோனபோது, "அது நிக்கட்டும்" என்று கதவைச் சாத்தினார்.

காசு விற்ற வகையில் நாற்பது. பதினேழு மாதம் நான் கொடுத்தது எண்ணூற்றைம்பது. பாக்கி பத்துப் பவுண்ஸ்.