மூன்றாவது பெஞ்சின் விடைகள்

இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"சரி, தப்பு எதுவும் கிடையாது. பேர் எழுத வேணாம். மனசுல பட்டதை டிக் பண்ணுங்க" என்று நவ்ரீன் சொன்னதைக் கல்லூரி வகுப்பில் யாரும் நம்பவில்லை. தாளில் கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்குச் சரியான விடையும் இருந்தே தீரும். அது நர்மதாவிடம் இருக்கும். மூன்றாவது பெஞ்சு மூன்று வருடமாக அவள் தாளைப் பார்த்து எழுதித்தான் பாஸாகிக்கொண்டிருந்தது.

நவ்ரீன் வண்ணாரப்பேட்டைக்காரி. உளவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். இருபது வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் உலகம் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறது, தெரிகிறது. அதை அளக்கத்தான் இந்தத் தாள்.

இரண்டாவது கேள்வியை நர்மதா இருமுறை படித்தாள். 'யாரும் இல்லாதபோது யாரோ உங்களைக் கூப்பிடுவதுபோல் கேட்டதுண்டா?'

அப்பா மீன்பிடிக்க லாஞ்சில் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். அம்மா காசிமேட்டில் மீன் விற்று முடித்து எண்ணூர் வந்துசேர இருட்டிவிடும். மத்தியானம் நர்மதா பூட்டைத் திறக்கும்போது சமையல்கட்டிலிருந்து 'நர்மூ' என்று ஒரு குரல் வரும். அம்மாவின் குரல்தான். பயந்ததில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு தாள் கேட்டது.

ஆம் என்று போட்டாள்.

பதினாலாவது: 'மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் இருக்கிறீர்களா?' பக்கத்தில் தோழி சிவந்தியின் முழங்கை இடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று டிக் செய்தாள். வெகுநேரம் அதையே பார்த்திருந்தாள். பிறகு அதை அடித்துவிட்டு ஆம் என்று போட்டாள்.

அடுத்த வாரம் நவ்ரீன் ஐந்து தாள்களை விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பெஞ்சு பெஞ்சா கட்டி வெச்சிருந்தேன். இது மூணாவது பெஞ்சு. இருபத்திரண்டு கேள்விக்கும் அஞ்சு தாள்லயும் அதே விடை. பதினாலாவதுல இருக்கிற அடித்தல் கூட அஞ்சுலயும் இருக்கு."

"அடித்தலைக் கூடவாடி காப்பியடிச்சீங்க!" பின்பெஞ்சு கொக்கரித்தது. "அஞ்சு பேருக்கும் ஒரே மூளை மேம், வாடகைக்கு எடுத்துகீதுங்க!"

நவ்ரீனும் சிரித்தாள். பிறகு, "இதுல ஒண்ணு நெஜமா இருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியல. அஞ்சையும் கழிச்சிட்டேன்" என்றாள்.

என்னுடையது என்று கையைத் தூக்கினால் போதும். ஆனால் தூக்கினால் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நர்மதாவின் கை மேசைக்கு அடியிலேயே கிடந்தது. தாள்கள் இரண்டாகக் கிழிந்தன.

ஐந்து பேரையும் தள்ளித் தள்ளி உட்காரவைத்துப் புதுத் தாள் கொடுத்தாள். நர்மதா மேலிருந்து கீழ்வரை இல்லை, இல்லை என்று ஒரே ஓட்டமாகப் போட்டு முதல் ஆளாக எழுந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றிருந்தன. சிவந்தி காலடிப்பேட்டை போக வேண்டியவள். நர்மதாவின் பக்கம் திரும்பினாள்.

"பதினாலாவதுல மொதல்ல இல்லைன்னு போட்ட. என்னிய நென்ச்சிதானே?"

நர்மதா தலையசைத்தாள்.

"அப்பால இன்னாத்துக்குடி அட்ச்ச?"

லாரிகள் ஒரு அடி நகர்ந்து மறுபடி நின்றன.

"பார்த்து எழுதுறப்ப ஒண்ணியும் தோணல. வூட்டுக்குப் போனப்பறம்தான் பேஜாராப் போச்சு." சிவந்தி பையின் வாரை முறுக்கினாள். "ரெண்டாவது? அதுவும் நெஜமா? யாரோ கூப்டுதா?"

தாள் கேட்டதையே இப்போது ஒரு வாய் கேட்டது.

"கேக்குது. எங்கம்மா கூப்டுற மாதிரி. அம்மா அங்க இருக்காது."

சிவந்தி சிரித்துவிட்டாள். "போடி, மத்தியானப் பேய்!" நர்மதாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் நின்றுகொண்டு, பஸ் நகர்ந்து மறையும்வரை நர்மதாவையே பார்த்துக்கொண்டு போனாள்.

எண்ணூரில் நர்மதா பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ளவில்லை. கொண்டி கையிலேயே இருக்க, காது கொடுத்து நின்றாள். எதிர்வீட்டு டிவி கேட்டது. தூரத்தில் ஒரு ஹாரன்.

உள்ளே போய்ச் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை.