கண்ணாடிச் சுவர்

…சரி, வட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கூரையை வட்டமாக்கினால் மலைமக்களுக்குக் காய்ச்சல் இறங்கிவிடும் என்றால் நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும், இந்த மனிதர் மூன்றாவது முறையாக அதையே சொல்கிறார், "பாத்த உடனே அவங்க கலாச்சாரம் தெரியணும் மேடம்", யார் பார்த்தவுடன், நோயில் கிடப்பவனா, திறப்பு விழாவுக்கு வருகிறவர்களா… மனதுக்குள் இவருக்கு வட்டம் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டேன். அறக்கட்டளைத் தலைவர், நல்லவர், இந்த நல்லவர்களோடுதான் மல்லுக்கட்ட முடிவதில்லை. மலைமேல் கட்டப்போகும் சிகிச்சை இல்லத்துக்கு நான் போட்ட வரைபடம் மேசையில் விரிந்து கிடக்கிறது, சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைக்கொரு தேநீர்க் கோப்பை, ஒன்றின் அடியில் வட்டமாகக் கறை, அது அவருக்குப் பிடிக்கும். மண்சுவர், புல்கூரை, மழைநீர்த் தொட்டி, எல்லாமே அந்த மலையில் கிடைப்பதைக் கொண்டு, அவர்களே பழுதுபார்த்துக்கொள்ளலாம், அதில் எனக்குப் பெருமைதான். இன்று கையெழுத்தாகவில்லை என்றால் மழைக்கு முன் வேலை தொடங்காது, இன்னொரு வருடம் அவர்கள் நோயாளியைத் தோளில் சுமந்து இறங்க வேண்டியதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டு இரு, வட்டத்துக்குத் தலையாட்டு.

அடுப்புக்காக நான் போட்ட சண்டை இவர்களுக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது… அந்த மக்கள் நோயாளியைத் தனியாகப் படுக்கவைப்பதில்லை. நடுவில் அடுப்பு, அதன் பக்கத்தில் நோயாளி, சுற்றிலும் உறவு, அங்கேயே சமையல், அங்கேயே ஊர்வம்பு. "தனியா போட்டா பாதி உசுரு அப்பவே போயிடும்" என்றார் அவர்களுடைய மருத்துவச்சி, இதோ, எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறாரே, அவர்தான். கூடத்தின் நடுவே அடுப்பை வரைந்தேன். புகை ஆகாது என்றார் டாக்டர், தீ ஆகாது என்றார் பொறியாளர், மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கட்டில்களுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவரைப் போட்டேன். இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் உறவும் அடுப்பும், எல்லாம் தெரியும், புகை மட்டும் வராது. பாம்பும் சாகாமல் கோலும் நோகாமல். எல்லோரும் கைதட்டினார்கள், மருத்துவச்சியைத் தவிர. கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு. இதுல யாரு படுக்கப்போறா?" நோயாளிதான், பின்னே நானா? வாய்வரை வந்ததை விழுங்கினேன். இந்தக் குறை என்று ஒன்றைச் சொன்னால் திருத்தலாம், இப்படி மொட்டையாகச் சொன்னால் என்னதான் செய்வது… இப்போது தம்பி வேறு போனில், நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவான்.

நடைபாதைக்கு வந்து எடுத்தேன். "அக்கா, அம்மா மறுபடியும் கட்டில சமையல்கட்டு வாசலுக்கு இழுக்கச் சொல்றாங்க, நீயே பேசு." கடவுளே. இடுப்பில் அறுவை முடிந்து வந்த அம்மாவுக்கென்று நானே பார்த்துப் பார்த்து மாற்றிக் கட்டிய அறை, வெளிச்சம், காற்று, ஒரு சத்தம் உள்ளே வராது, கூடத்தைப் பார்த்தபடி பெரிய கண்ணாடிக் கதவு, அதை விட்டுவிட்டு எல்லோர் காலிலும் இடறுகிற இடம்தான் வேண்டுமாம்.

"ஏம்மா, அந்த ரூமுக்கு என்னதான் குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்லடி, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"கண்ணாடி வழியா நீங்க போறது வர்றது எல்லாம் தெரியுது. சிரிக்கிறீங்க, சண்டை போடறீங்க, ஒண்ணும் காதுல விழல. நான் போனப்புறம் நீங்கல்லாம் எப்படி இருப்பீங்கன்னு பாத்துட்டுக் கிடக்கற மாதிரி இருக்குடி."

எரிச்சல்தான் வந்தது முதலில், என்ன பேச்சு இது, காலங்கார்த்தால… இல்லை, மத்தியானம் ஆகிவிட்டது, எனக்குத்தான் பொழுதே தெரியவில்லை. தம்பியிடம் கட்டிலை இழுத்துப் போடு என்றேன், "நீயாக்கா சொல்றே?" என்றான், போனை வைத்துவிட்டேன். உள்ளே வந்தால் வட்டம் பேனாவை நீட்டுகிறார், கூரையை விட்டுக்கொடுத்த சந்தோஷம் எனக்கு என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறார். வரைபடத்தில் அந்தக் கண்ணாடிச் சுவர், இரண்டே இரண்டு மெல்லிய கோடு, எவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்கிறேன். மருத்துவச்சியிடம் கேட்டேன், "இதுல யாரும் படுக்கமாட்டாங்க, இல்ல?" அவர் உதட்டிலிருந்த பிஸ்கட் துகளைத் துடைத்துக்கொண்டார், "அதத்தானே அன்னைக்கே கேட்டேன்" என்றார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கோட்டை அழித்தால் புகை, தீ, எல்லாம் மறுபடி முதலிலிருந்து, மழை வேறு யாருக்காகவும் காத்திருக்காது, அழிக்காவிட்டால்… அம்மாவின் கட்டிலை இழுத்துப்போடத் தம்பி இருந்தான், மலையில் இந்தச் சுவரை யார் இழுத்துப்போடுவது. பேனாவை வாங்கிக்கொண்டேன், மூடியைக் கழற்றினேன், கை அந்த இரண்டு கோட்டுக்கு மேலேயே நிற்கிறது.