குறட்டைப் புகார்

தையல்காரிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. எப்படிப் பாவும்? இத்தனை வருஷம் உதவி ஓட்டுநராக இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மகள், இன்று முதன்முதலாகத் தானே ஓட்டுநராக ரயிலை எடுத்துக்கொண்டு வருகிறாள். வெயில் தாழும் நேரத்தில் அந்த வண்டி இந்த ஊரைக் கடக்கும். நிற்காது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு வளைவு. அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வளைவை ஒட்டி ஒரு பழைய ஹோட்டல். அதன் பின்பக்க மாடி ஜன்னலில் நின்றால் எஞ்சினில் இருப்பவரின் முகமே தெரியும்.

இதையெல்லாம் மகள்தான் போனில் சொன்னாள். "வளைவுக்கு முன்னாடி ஒரு போர்டு இருக்கும்மா. அதைப் பார்த்தா ஹாரன் அடிச்சே ஆகணும். நீளமா, ஒரே ஒரு தடவை. அது கேக்கும்போது நீங்க ரெண்டு பேரும் ஜன்னல்ல நிக்கணும். நான் பார்ப்பேன்."

'ரெண்டு பேரும்' என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் கணவர் லேத்துக்காரர் தன் கடைசல் பட்டறையைப் பூட்டினார். தன் கல்யாணத்துக்கே அரை நாள்தான் லேத் இயந்திரத்தை நிறுத்திய மனுஷர் அவர். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் குலுங்கி இருவரும் வந்து சேர்ந்தார்கள். தையல்காரியின் பைக்குள் பளபளவென்று சிவப்புத் துணி ஒன்று இருந்தது. கடையில் இருந்ததிலேயே எடுப்பான நிறமாகப் பார்த்து வெட்டி, ஓரம் அடித்து, ஆட்டிக் காட்டவென்றே கொண்டு வந்திருந்தாள்.

ஹோட்டலைப் பார்த்ததுமே லேத்துக்காரர் உதட்டைப் பிதுக்கினார். லிஃப்டில் தொங்கிய 'பழுது' என்ற அட்டையே பழுத்துப் போயிருந்தது. தரைவிரிப்பில் பூ எது, கறை எது என்று பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு சாவியோடும் ஒரு மரக்கட்டையைப் பிணைத்திருந்தார்கள். திருட நினைப்பவன் கூட்டாளியோடு வந்தால்தான் தூக்க முடியும். வரவேற்பு மேஜைக்கு மேல் மரச்சட்டம் போட்ட ஒரு திறப்பு. அதற்குள் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, மாட்டி வைத்த படம் மாதிரி ஒருவர் நின்றார். லேத்துக்காரர் அந்த நிமிஷமே அவருக்குச் 'சட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். சட்டத்துக்குள் நின்றதால் வைத்த பெயர். அது எவ்வளவு பொருத்தம் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது.

பின்பக்க அறை கிடையாது என்றார் சட்டம். போனில் முதலாளியே தருவதாகச் சொன்னாரே என்றாள் தையல்காரி. முதலாளி சொல்லுவார், ரூல் வேறே என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! தண்டவாளத்தைப் பார்த்த அறைகளெல்லாம் ஒற்றை ஆளுக்கு மட்டும்தானாம். இரண்டு பேர் தங்கினால் ஒருவர் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார், இன்னொருவர் சண்டைக்கு வருவார். அனுபவத்தில் வந்த ரூல் என்றார். எங்களுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும், அதற்காகவே வந்தோம், வண்டி ஓட்டுவது எங்கள் மகள் என்று அவள் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரூலில் மகள் பற்றி எதுவும் இல்லை என்றார்.

மொட்டை மாடி? பூட்டு. பின்வாசல்? தலைக்கு மேல் மதில். அறை மாற்ற ஒரு வழியும் இல்லையா என்று அவள் கெஞ்சாத குறையாகக் கேட்டபோது, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒன்று சொன்னார்.

"சத்தம் தாங்கலைன்னு புகார் வந்தா மாத்தலாம். அந்தச் சத்தத்தை நான் என் காதால கேக்கணும். சத்தம் போடுற கெஸ்ட்டை எச்சரிக்கணும். அப்புறம் புகார் குடுத்தவங்களுக்கு ஒத்தை ஆள் ரூம்."

அதாவது சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவரை ரயிலுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பார்கள். இந்த ரூலை எழுதிய புண்ணியவான் யாரோ.

அவர்களுக்குக் கிடைத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவர். லேத்துக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார், கட்டில் முனகியது. அந்த முனகலைக் கேட்டதும் தையல்காரிக்குப் பொறி தட்டியது. சத்தம்தானே வேண்டும்? முப்பது வருஷமாக அவள் பக்கத்திலேயே ஒரு மாவு மில் ஓடிக்கொண்டிருக்கிறதே!

"என்னங்க, படுங்க. குறட்டை விடுங்க."

"இப்பவா?"

"இப்பவேதான். நான் போய் உங்க மேல புகார் குடுக்கிறேன். எனக்கு அந்தப் பக்க ரூம் கிடைச்சதும் நைசா வந்துடுங்க."

லேத்துக்காரர் கண்ணை மூடி முயன்றார். ராத்திரியெல்லாம் ஊரைக் கூட்டுகிற மனுஷருக்கு விழித்திருக்கும்போது குறட்டை வரவில்லை. முதலில் பூனை சீறியது. பிறகு சைக்கிளில் காற்று இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், படபடப்பு ஒரு பக்கம். வயிற்றிலிருந்து எடுங்க என்று சொல்லிக் கொடுத்துவிட்டு கீழே ஓடினாள்.

சட்டம் மேலே வந்து திறந்திருந்த கதவருகில் காதைச் சாய்த்தபோது, உள்ளே குறட்டை அமர்க்களப்பட்டது. கண்ணாடித் தம்ளர் தட்டில் அதிர்ந்தது. அடேயப்பா, என்ன நடிப்பு என்று அவள் உள்ளுக்குள் பூரித்துப் போனாள். சட்டமே ஒரு அடி பின்வாங்கி, அம்மா எப்படித் தாங்கினீங்க என்கிற மாதிரி பார்த்தார். தூங்குகிறவரைத் தொந்தரவு செய்யாமல் கதவை மெல்ல இழுத்தார். இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது. சாவி உள்ளே மேஜை மேல்.

பின்பக்க அறை. ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தண்டவாளம்! தையல்காரி ஜன்னலை விட்டு நகரவில்லை. சட்டம் அதைக் கவனிக்காமல் துண்டு, தம்ளர், வாளி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் வாசலை எட்டிப் பார்த்தாள். கணவரைக் காணோம். நடைக்கூடத்தில் அவருடைய குறட்டை மட்டும் உருண்டு வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அது நடிப்பு இல்லை. பஸ் அலுப்பில் மனுஷர் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஓடிப் போய்க் கதவைத் தட்டினாள், இடித்தாள். லேத் இரைச்சலில் வாழ்ந்த காது அது. இடியே விழுந்தாலும் புரண்டு படுக்கும். ரயில் ஹாரனா எழுப்பப் போகிறது? தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். இவர் இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தார்.

சத்தம் கேட்டுச் சட்டம் படியேறி வந்தார். கதவைத் திறக்கச் சொல்லி அவள் மன்றாடினாள். தூங்கும் கெஸ்ட்டை எழுப்ப வேண்டுமானால் அந்தக் கெஸ்ட்டே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றார் அவர். அவர் என் வீட்டுக்காரர் என்றாள். நீங்கள் புகார் கொடுத்த பிறகு அவர் உங்களுக்கு இன்னொரு ரூம் கெஸ்ட் என்றார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தான் மட்டும் ஜன்னலில் நின்று, மகள் ஒற்றை முகத்தைப் பார்த்து, அப்பா ஏன் வரலை என்று அங்கிருந்தே தவித்தால்? வளைவில் அந்த எஞ்சின் இருக்கப்போவதே சில மூச்சு நேரம். அதில் ஒரு மூச்சைக்கூட அவள் அப்பாவைத் தேடிச் செலவழிக்கக் கூடாது. அழுகையை விழுங்கினாள். சட்டம் ஒப்பித்த பாடம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. நடுவில் ஒரு வரி.

"சார், அவரை எச்சரிச்சீங்களா?"

"எதுக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க? புகார் வந்தா சத்தம் போடுற கெஸ்ட்டை எச்சரிக்கணும், அப்புறம்தான் வேற ரூம்னு. நீங்க எச்சரிக்காமலே எனக்கு ரூம் குடுத்துட்டீங்க."

சட்டத்தின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. பாவம், ஒரு வரியைத் தாண்டிவிட்டார். இடுப்பிலிருந்த பொதுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, கட்டிலருகில் விறைப்பாக நின்றார்.

"சார், உங்க மேல புகார் வந்திருக்கு."

குறட்டை தொடர்ந்தது. எச்சரிக்கை காதில் விழாவிட்டால் எச்சரித்ததாகக் கணக்கில் வராது போலும். தோளைத் தொட்டார், உலுக்கினார், கடைசியில் இரண்டு கையாலும் தூக்கி உட்கார வைத்தார். லேத்துக்காரர் மலங்க மலங்க விழித்தபோது, தூரத்தில் ஆற்றுப் பாலம் தடதடக்கத் தொடங்கியது.

"வந்துட்டா!" என்று தையல்காரி நடைக்கூடத்தில் ஓடினாள். பறந்தாள் என்றே சொல்லலாம். ஜன்னலைத் திறந்து துணியை உதறினாள். பின்னால், சட்டம் முழங்கையைப் பிடித்தபடி வர, லேத்துக்காரர் வாசல்படியில் தடுக்கி நின்றார். அடுத்தவர் அறைக்குள் பார்வையாளர் நுழையக் கூடாதென்று வாசலில் ஒரு தகடு. அந்த மனுஷரும் அதைப் படித்துவிட்டு நின்றாரே! அந்த நேரம் ஹாரன் ஒலித்தது. நீளமாக, கட்டிடமே சிலிர்க்க. அவள் துணியைத் தூக்கினாள்.

"சிவப்பை ஆட்டாதீங்கம்மா!" சட்டம் அலறினார். "சிவப்பு காட்டினா வண்டி நின்னுடும். மொத நாளே உங்க பொண்ணு வண்டியை நிறுத்தணுமா?"

அவர் உள்ளே பாய்ந்து துணியைப் பிடுங்கினார். ஒரு கையில் துணி. இன்னொரு கையில் இன்னும் விடாமல் லேத்துக்காரரின் முழங்கை. இவர் ரூமுக்குள் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவராகவே பதில் சொன்னார்: எச்சரிக்கை இன்னும் முடியவில்லை, முடிகிறவரை கெஸ்ட் என்னோடுதான் இருக்க வேண்டும்.

ஆட்ட என்ன இருக்கிறது? லேத்துக்காரர் யோசிக்கவே இல்லை. முழங்கையை விடுவித்துக்கொண்டு, மனைவி தைத்துக் கொடுத்த மஞ்சள் சட்டையைத் தலைவழியே உருவினார். சட்டையின் ஒரு கையை அவர் பிடிக்க, மறு கையை அவள் பிடிக்க, சட்டை ஜன்னலுக்கு வெளியே கொடியாகப் பறந்தது. வளைவில் எஞ்சின் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் நெற்றி, மூக்கு, பல் தெரியச் சிரிக்கும் வாய். அவர்கள் பிள்ளை. அவ்வளவு பெரிய இரும்பை இழுத்துக்கொண்டு வருகிற அவர்கள் பிள்ளை! ஒரு கை மேலே எழுந்தது. ஜன்னலில் இரண்டு முகங்களையும் அவள் கண்டுகொண்டாள்.

எஞ்சின் நேர் கீழே வந்தபோது ஹாரன் இன்னொரு தடவை ஒலித்தது. சின்னதாக, கூப்பிடுகிற மாதிரி.

பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து முடிந்து தண்டவாளம் அமைதியானது. லேத்துக்காரர் பனியனோடு நின்று, சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டம் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் போர்டுக்கு ஒரு தடவைதான். ரெண்டாவது ரூல்ல இல்ல."

"மொதல்ல அடிச்சது ரூலுக்கு சார்," என்றாள் தையல்காரி. "ரெண்டாவது எங்களுக்கு."

அவர் கையிலிருந்த சிவப்புத் துணியை ஓரத்துக்கு ஓரம் சரியாக மடித்து அவளிடம் கொடுத்தார்.

"சத்தம் பத்திப் புகார் வந்தாத்தான் நான் கவனிக்கணும். குடுக்கிறீங்களா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்போ எனக்கு எதுவும் கேக்கலை," என்றார் சட்டம்.